சித்திரை ஆகாது

சித்தெ அக்கட்டால நவுந்து உக்காரு அம்மணி. இந்தப் போசிய மட்டும் கால்கிட்ட வெச்சுக்கறேன். மேல வெச்சாக் கவுந்துரும். ஒண்ணுமில்ல, சோறுதான். புளிச்சோறு, தக்காளிச்சோறு, தேங்காச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு. கோழி கூப்பிட எந்திரிச்சு ஒத்தையா நின்னு ஆக்குனேன். பையில வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயமும் வளையலும் இருக்குது. கட்டுச்சோத்துக்குப் போறேன். என்ற புள்ளைக்கு ஒம்பதாம் மாசம், சூலூர்ல குடுத்திருக்குது. தாய் ஊட்டுல இருந்து கட்டுச்சோறு கொண்டுபோயி, மாப்பிள்ள ஊட்டு ஒறம்பரைக்கெல்லாம் போட்டுட்டு, புள்ளைய நம்ம ஊட்டுக்குப் பிரசவத்துக்குக் கூட்டீட்டு வரோணும். அதுதான மொறை. இன்னைக்கு அவளைக் கூட்டீட்டுத்தான் திரும்புவேன்.

தனியாத்தான் போறேன். என்ற ஊட்டுக்காரரு வரமாட்டேன்னுட்டாரு. "போறதுன்னா நீ போ"ன்னு சொல்லீட்டுக் கட்டில்ல சாஞ்சுக்கிட்டாரு. அந்த மனுசனுக்கு எதுலதான் அக்கறை இருந்துச்சு? திங்கக்கெழம மாட்டுச் சந்தைக்குன்னு சலவை வேட்டி கட்டீட்டுக் கெளம்புனாரு. பொழுதோட வெறுங்கைய வீசீட்டு வந்தாரு. மாடும் இல்ல, மூக்கணாங்கயிறும் இல்ல. என்னாச்சுன்னு கேட்டா, தானாச் சிரிச்சுக்கறாரு. அப்பிடி ஒரு ஆளோட முப்பத்தஞ்சு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கேன்.

நீ எங்க போற? கோயமுத்தூருக்கா. கழுத்துல அட்டை தொங்குதே, வேலைக்கா? கண்ணாலம் ஆயிருச்சா? நாலு வருசமா? கொழந்த?

என்னது, இன்னும் முடிவு பண்ணலியா?

நெம்ப நல்லாருக்குது. கொழந்த பெத்துக்கறது என்ன அம்மணி, மச்சு கட்டலாமா ஓடு போடலாமான்னு முடிவு பண்ற மாதிரியா? பருவத்தே பயிர் செய்யோணும்னு படிச்சிருப்பியே, பள்ளிக்கூடம் போனவதான? கோவிச்சுக்காத. அந்தப் போனை உள்ள வெச்சுட்டு நாஞ் சொல்றதைக் கேளு. என்ற புள்ளையும் இப்பிடித்தான் சொன்னா. "நாங்க முடிவு பண்ணுவோம்"னு. இவ எங்க முடிவு பண்றது? இவளைப் பெத்தவ நானு.

பேரு கவுசல்யா. கவுசின்னு கூப்பிடுவோம். ஒரே புள்ள. டீச்சருக்குப் படிக்க வெச்சேன். வைகாசில கண்ணாலம், ஆறு வருசம் முடிஞ்சு ஏழாவது நடக்குது. மாப்பிள்ள பூபதி, சூலூர்ல தறி போட்டிருக்காங்க. பையன் தங்கமான பையன்தான், வாய் இல்ல. அவனுக்கும் சேத்து அவங்காத்தாளுக்கு இருக்குது. வசந்தாமணின்னு பேரு. நான் இன்னைக்கு இப்பிடிப் போசியத் தூக்கீட்டு பஸ்ஸுல அல்லாடறதுக்கு அவதான் காரணம்.

எப்பிடின்னு கேளு. கண்ணாலமாகி ரெண்டு மாசத்துல ஆடி வந்துச்சு. ஆடி பொறக்கறதுக்கு மொத நாளே போயிப் புள்ளையக் கூட்டீட்டு வந்துட்டேன். ஆடில சேந்தா சித்திரைல பொறக்கும். சித்திரை ஆகாது. "சித்திரை அப்பன் தெருவிலே"ன்னு சும்மாவா சொல்லி வெச்சாங்க? என்ற சித்தப்பன் மகன் சித்திரைல பொறந்தான், நாலே வருசத்துல சித்தப்பன் தோட்டத்த வித்துட்டு நின்னாரு. குடிச்சுத்தான் வித்தாரு. அதுக்கென்ன? அவரைக் குடிக்க வெச்சது ஆரு? அந்தப் புள்ள பொறந்த நேரந்தான?

ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு மாப்பிள்ளையக் கூப்பிட்டு விருந்து வெக்கறது எங்க பக்கத்து வழக்கம். மத்தியானம் சாப்புட்டுட்டுப் பொழுதோட கெளம்பிரோணும். பூபதியும் அப்பிடித்தான் கெளம்புச்சு. வண்டிகிட்டயே போயிருச்சு. நாந்தான் விடல. வெடக்கோழி ரெண்டு அடிச்சு வெச்சிருக்கேன், காலைல இட்லிக்கு ஆரு திங்கறது அதை? "மாப்பிள்ளைய ஒத்த நேரச் சோத்தோட தொரத்திட்டா"ன்னு அந்த வசந்தாமணி நாளைக்கு ஊரெல்லாம் பழமை பேச மாட்டாளா? "இருந்து காலைல போங்க மாப்பிள்ள"ன்னேன். "இல்லீங்கத்தெ, அம்மா போகச் சொல்லியிருக்காங்க"ன்னுச்சு. வண்டிச் சாவியப் புடுங்கி என்ற சுருக்குப் பையில போட்டுக்கிட்டேன். ஒறம்பரைன்னா அப்பிடித்தான் அம்மணி, போறேன்னதும் விட்டுட்டா அது என்ன ஊடு?

அவளை என்ற பக்கத்துலதான் படுக்க வெச்சேன். மாப்பிள்ளைக்கு வெளி வாசல்ல கட்டிலு. பதினெட்டுப் பேருக்கு ஆக்கிப் போட்ட அலுப்பு, படுத்தாப் பொணம். இதுல என்ற தப்பு என்ன இருக்குது?

பொரட்டாசில போன் பண்ணுனா. "அம்மா, நாள் தள்ளிப் போயிருக்குது. அவருகிட்டக்கூட இன்னும் சொல்லல, உங்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்"னா. அப்பிடி ஒரு சிரிப்பு, போன்லயே தெரியுது. நான் வெரல் விட்டு எண்ணுனேன். ஆவணி, பொரட்டாசி, ஐப்பசி... எண்ணிக்கிட்டே வந்தா, சித்திரைல போயி நிக்குது.  "ஆருகிட்டயும் மூச்சு விடாதே. மேலுக்குச் சேரலன்னு சொல்லீட்டுக் கெளம்பி வா"ன்னேன்.

வந்தா. ரெண்டு நாளு என்ற மடியில தலைய வெச்சுப் படுத்துக்கிட்டு, "பொறந்தாப் பொறக்கட்டுமேம்மா, மாசத்துல என்ன இருக்குது"ங்கறா. மாசத்துல என்ன இருக்குதா? ஆடில, எங்க ஊட்டுல, நான் சாவிய வாங்கி வெச்சுக்கிட்ட ராத்திரில தரிச்சுது. நாளைக்குத் தறி நின்னு போனாலும், பூபதிக்குக் காலு ஒடஞ்சாலும், "அந்த ஊட்டுல வெச்சுத்தான் எம்பையனைக் கெடுத்தாங்க"ன்னு வசந்தாமணி சொல்ல மாட்டாளா? அவ சொல்லல. சொல்றதுக்கு அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பா. அந்த வாய் அப்பிடி.

அதனால டவுனுல ஒரு ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போனேன்.

எதுக்கு இப்பிடி வெடுக்குன்னு திரும்பற? ஊர்ல நடக்காததா? ஆறு வாரமோ ஏழு வாரமோ, அதுக்கு மேல இல்ல. டாக்டரம்மா சின்ன வயசு. அவளைப் பாத்து, "உனக்கு இதுல சம்மதமாம்மா?"ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், "சம்மதந்தாங்க, இப்பத்திக்கு வேண்டாம்னு புருசனும் பொண்டாட்டியும் முடிவு பண்ணீட்டாங்க"ன்னு. அந்த அம்மா மறுபடியும் அவளையேதான் பாத்துச்சு. "நீ சொல்லும்மா"ன்னுச்சு. நான் அவ கையப் புடிச்சு ஒரு அமுக்கு அமுக்குனேன். அவ தலைய ஆட்டுனா. ஆட்டுனாளா இல்லியா? ஆட்டுனா. நான் கண்ணால பாத்தேன்.

திரும்பி வர்றப்ப ஆட்டோவுல, "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா"ன்னா.  நாட்டுக் கோழிச்சாறு வெச்சுக் குடுத்தேன், பத்து நாளு தலைக்குத் தண்ணி வாக்காமப் பாத்துக்கிட்டேன். ஆருக்காகப் பண்ணுனேன்? எனக்கா பண்ணுனேன்? பெத்தவளுக்குத் தெரியாதா புள்ளைக்கு எது நல்லதுன்னு?

அத்தோட உட்டுட்டேன்னு நெனைக்காத. அடுத்த வருசம் காலண்டர் அட்டைக்குப் பின்னாடி மாசக் கணக்கு அத்தனையும் எழுதி, சூலூர் வரைக்கும் போயிக் குடுத்துட்டு வந்தேன். எந்த மாசம் தரிச்சா எந்த மாசம் பொறக்கும், எதெது ஆகும், எதெது ஆகாதுன்னு. கார்த்திகைல தரிச்சா ஆவணில பொறக்கும், ராசா மாதிரி இருக்கும்னு அடிக்கோடு போட்டுக் குடுத்தேன். ஒரு தாய் இதுக்கு மேல என்ன பண்ணுவா? அவ அதை என்ற கண்ணு முன்னாடியே நாலாக் கிழிச்சு அடுப்புல போட்டா. "இப்ப எங்களுக்கு வேண்டாம். எப்ப வேணும்னு நாங்க முடிவு பண்ணிக்கறோம்"னா.

நாங்களாம். இந்த நாங்க எப்ப மொளச்சுதுன்னு எனக்குத் தெரியல.

ரெண்டு வருசம், மூணு வருசம் ஆச்சு. பாக்கறவங்கல்லாம் "ஏனுங்க, புள்ளைக்கு விசேசம் ஒண்ணும் இல்லியா"ங்கறாங்க. பதில் சொல்றது ஆரு, நானு. எங்கூட வான்னா கோயிலுக்கு வர மாட்டா. அவளுக்காக நானே போயி அஞ்சு கோயில்ல தொட்டில் கட்டுனேன். இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு அங்கப்பிரதச்சணம் பண்ணுனேன். மூணாஞ் சுத்துல முட்டி பேந்து போச்சு, இன்னும் தழும்பு போகல, காட்டட்டுமா? சரி, வேண்டாம் உடு.

அப்பத்தான் எங்க நாத்தனா பேத்திக்குக் காதுகுத்து வந்துச்சு. கெடா வெட்டு, முந்நூறு பேரு. பந்தில என்ற பக்கத்துல உக்காந்தவ ஒருத்தி, சத்தமாக் கேக்கறா, "உம்புள்ளைக்கு வயித்துல ஏதாச்சும் கோளாறா?"ன்னு. என்ற புள்ளையச் சொன்னா நான் சும்மா இருப்பனா? "எம்புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. மாப்பிள்ளைகிட்டத்தான் கோளாறு. அவிய வம்சத்துலயே அப்பிடி"ன்னு போட்டேன் ஒரு போடு. புள்ளைய உட்டுக் குடுக்காமத்தான சொன்னேன்? மாப்பிள்ள ரசவாளியத் தூக்கீட்டு எனக்கு நேர் பின்னாடி நிக்குதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?

அவரு வாளியக் கீழ வெச்சுட்டுத் தரையப் பாத்துட்டு நின்னாரு. கவுசி எந்திரிச்சா. எதுத்த பந்தில இருந்தவ, எச்சக் கையோட எந்திரிச்சு நின்னுக்கிட்டு, மைக்கு வெச்ச மாதிரி சொல்றா. "கோளாறு அவருகிட்டயும் இல்ல, எங்கிட்டயும் இல்ல. எனக்கு மொத வருசமே தரிச்சுது. சித்திரைல பொறக்கும்னு எங்கம்மா கூட்டீட்டுப் போயிக் கலைச்சுட்டு வந்தா. அவருக்கே ஒரு வருசம் கழிச்சுத்தான் சொன்னேன். எங்கம்மாளை ஆரும் தப்பாப் பேசீரக் கூடாதுன்னு இன்னைக்கு வரைக்கும் வாய மூடீட்டு இருந்தாரு"ன்னா. முந்நூறு பேரு. அத்தனை பேரும் திரும்பி என்னையத்தான் பாத்தாங்க.

அதைக் கூடப் பொறுத்துக்குவேன். அந்த வசந்தாமணி பண்ணுனதைத்தான் நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அவளுக்கும் அன்னைக்குத்தான் தெரியும். எங்கிட்ட வந்து நாலு கேள்வி கேட்டிருந்தா நானும் நாலு சொல்லியிருப்பேன். ஒண்ணும் கேக்கல. என்ற மூஞ்சியக்கூடப் பாக்கல. நேராக் கவுசிகிட்டப் போனா. தண்ணிச் சொம்பை எடுத்து அவ கையக் கழுவி உட்டா, தன் முந்தானைல தொடச்சு உட்டா. "வா சாமி, நம்ம ஊட்டுக்குப் போலாம்"னு சொல்லிக் கூட்டீட்டுப் போயிட்டா. அரச் சோத்துல மூணு பேரும் போனாங்க. அத்தனையும் நடிப்பு அம்மணி. பெத்தவ நான் கல்லாட்ட உக்காந்திருக்கேன், அவ என்ன சாமிங்கறது? நம்ம ஊடுங்கறது?

அன்னைக்குப் போனவதான். மூணு வருசமா எங்க ஊட்டு வாசப்படி மிதிக்கல. நான் கூப்பிட்டாப் போனு போகவே மாட்டேங்குது, என்னமோ தடுத்து வெச்சிருக்கறாளாம். மாசமா இருக்கறாங்கறதே நாத்தனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தை மாசத்துல பக்கத்து ஊட்டுக்காரி போன்ல இருந்து கூப்பிட்டேன். எடுத்தா. "சொல்லுங்க"ங்கறா. என்னைய நீ வா போன்னு பேசுன புள்ள, நீங்க நாங்கன்னு பேசுது, ஏதோ சொசைட்டி ஆபீசுல பேசற மாதிரி. "தேதி எப்பம்மணி குடுத்திருக்காங்க?"ன்னேன். "எதுக்குங்க?"ன்னா. அப்பறம், "சித்திரை பத்து"ன்னா.

சித்திரை! பாத்தியா? பன்னண்டு மாசம் கெடக்குது, இவளுக்குச் சித்திரைதான் கெடச்சுது. வேணும்னேதான் பண்ணியிருக்கா. என்னைய நோகடிக்கோணும்னே. கட்டுச்சோத்துக்கு எப்ப வரட்டும்னு கேட்டேன். "அதெல்லாம் வேண்டாங்க, அத்தை பாத்துக்கறாங்க, பிரசவம் இங்கதான். நீங்க வர வேண்டாம்"னு வெச்சுட்டா. வர வேண்டாம்னா? மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல? வாசல்ல போசியோட போயி நின்னா நாலு பேரு பாக்க மாட்டாங்களா? தொரத்தீருவாளா?

வெறும் சோத்தோட நான் போகல. இங்க பாரு, ரவிக்கைல வெச்சிருக்கேன். ஜோசியரு எழுதிக் குடுத்தது. பங்குனி இருவத்தெட்டு, வெள்ளிக்கெழம, காலைல ஒம்பதுல இருந்து பத்தேகாலுக்குள்ள. இப்பல்லாம் நேரம் குறிச்சுக் குடுத்தா டாக்டருங்களே கத்தி வெச்சு எடுத்துக் குடுக்கறாங்க. பன்னண்டு நாளு முன்னாடி, அவ்வளவுதான. ஒரு கையெழுத்து. சித்திரைல இருந்து தப்பிச்சாச்சு. அவளுக்கு என்ன தெரியும், நான் பேசிக்கறேன் டாக்டருகிட்ட. எங்க ஊட்டுக்குக் கூட்டீட்டு வந்துட்டாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்குவேன்.

எதுக்கு நீ சன்னலைப் பாத்துக்கிட்டே வர்ற? என்ற மேல வெறுப்பா? பெத்துப் பாரு, அப்பத் தெரியும்.

அது கெடக்குது. ஒரு ஒதவி பண்ணு அம்மணி. உன்ற போனைக் குடு. நான் வந்துக்கிட்டிருக்கேன்னு கவுசிகிட்ட ஒரு வார்த்த சொல்லீர்றேன். என்ற நெம்பர்ல இருந்து போகாதுன்னுதான் சொன்னனே. ஒரே நிமிசம். இந்தா, நெம்பரு சீட்டுல இருக்குது, நீயே போட்டுக் குடு.

அலோ. ஆருங்க, வசந்தாமணிங்களா? நாந்தானுங்க, குண்டடத்துல இருந்து. பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேனுங்க, கட்டுச்சோத்தோட... என்னங்க? எப்பங்க? ஞாயித்துக்கெழமையா? சேரீங்க. சேரீங்க. அவகிட்டக் கொஞ்சம் குடுங்க... கவுசி? சாமி, நாந்தான். நல்லாருக்கறயா? ஏன் சாமி, சித்திரைன்னு சொன்னியே... என்னது? ... ஆரு, அப்பாவா? ... அலோ?

வெச்சுட்டா.

இந்தா போனு.

பொறந்துருச்சாம். நாலு நாளாச்சாம். பொட்டப்புள்ள. சுகப்பிரசவமாம், கத்தி கித்தி ஒண்ணும் இல்லியாம். பங்குனி பதினாறு. பங்குனி அம்மணி! சித்திரை இல்ல! நான் தொட்டில் கட்டுன சாமி உட்டுருமா? அத்தனை கோயிலு... அத்தனை கோயிலு ஏறி எறங்கியிருக்கேன்.

தேதியே பங்குனிதானாம். தைல கேட்டப்பவே அவளுக்குத் தெரியுமாம். எங்கிட்ட மாத்திச் சொல்லியிருக்கறா. ஏன்னு கேட்டேன். "இந்தத் தடவை டாக்டர் கேட்டா, நானே பதில் சொல்லோணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் அப்பிடிச் சொன்னேன்"ங்கறா.

என்ன பேச்சு இது? இவ பதில் சொல்ல வேண்டாம்னு ஆரு சொன்னது? இவ வாய நானா பொத்துனேன்? நீயே சொல்லு. நான் பொத்தவே இல்ல. நான் பதில்தான சொன்னேன்?

அவங்கப்பா வந்து பாத்துட்டுப் போனாராம். திங்கக்கெழம. கொழந்த அவரு வெரலப் புடிச்சுக்கிட்டு உடவே இல்லியாம். மாட்டுச் சந்தைக்கு எவனாச்சும் சலவை வேட்டி கட்டீட்டுப் போவானா? நாலு நாளா அந்தச் சிரிப்பைப் பாத்துக்கிட்டுத்தான் நானும் சோறு போட்டேன். எனக்குத் தோணல பாரு.

சூலூரா? என்ன கண்டக்டரு, அதுக்குள்ள வந்துருச்சா? இருங்க. எறங்கறதா... கொழந்த பொறந்த ஊட்டுக்கு எவளாச்சும் கட்டுச்சோறு கொண்டுக்கிட்டுப் போவாளா? கைகொட்டிச் சிரிக்க மாட்டாளா வசந்தாமணி? வேண்டாம், நீங்க போங்க. காந்திபுரம் வரைக்கும் ஒரு டிக்கெட்டுக் குடுங்க. அங்கிருந்து திரும்பிக்கறேன்.

அஞ்சு சோறு அம்மணி. புளிச்சோறு நாளைக்கும் தாங்கும், தயிர்ச்சோறு தாங்காது. தேங்காச்சோறு மத்தியானத்துக்குள்ள ஊசிப் போயிரும். இந்தா, மூடியில போட்டுத் தர்றேன், சாப்புடு.

என்னது, பசிக்கலியா? உனக்குப் பசிக்குதா இல்லியான்னு உனக்கு என்ன தெரியும்? கைய நீட்டு.